ஏற்காடு இறக்கத்துக்குப் பயந்து கியர்பாக்ஸை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோரிமேட்டில் ஏற்காடு சாலையை ஒட்டிக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். கோடை சீசனில், "அண்ணா, இந்த ஆட்டோமேட்டிக்கை கியர் வண்டியா மாத்திக் கொடுப்பீங்களா?" என்று கேட்டு ஆட்கள் வருவது வழக்கமாகிவிட்டது. விசாரித்தால் எல்லாம் ஒரே கதைதான். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது சக்கரத்தில் கருகல் வாசம், அப்புறம் மிதிக்க மிதிக்க பிரேக் பெடல் உள்ளே போயிருக்கும். கியர் வண்டியாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

மாற்ற முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒரு கியர்பாக்ஸை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதோடு வேலை முடியாது. இன்ஜின் இழுவையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் போன இடத்தில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் வேண்டும். அவை உட்கார கனமான ஃப்ளைவீல் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் மெல்லிய தகடு தாங்காது. கிளட்ச் பெடல், கியர் லிவர், மவுண்டிங், சில வண்டிகளில் ஆக்சில்கூட மாறும். இதெல்லாம் இரும்பு வேலை, செய்துவிடலாம். தலைவலி வயரிங்கில்தான். இன்ஜின் கம்ப்யூட்டர் பழைய கியர்பாக்ஸைத் தேடிக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் செக் லைட் எரியும், வண்டி சரியாக இழுக்காது. கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வண்டி கொஞ்சம் சுலபம். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தானே. கம்ப்யூட்டர் வம்பு அதிலும் உண்டு.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைக்கத் தனி வழி உண்டு. மற்றவர்களுக்கு நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸில் சிக்கல் வரலாம். கட்டாயம் கியர் வண்டிதான் வேண்டுமா? இதை விற்றுவிட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

உண்மையில் பழுது கியர்பாக்ஸில் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் லிவரை 'டி'-யிலேயே (டிரைவ், தானாகக் கியர் மாறும் நிலை) வைத்து இறங்குகிறார்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் பெரும்பாலான வண்டிகள் மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பாரம் முழுக்க பிரேக்கின் தலையில். விடாமல் மிதித்தால் பேட் காயும், அந்தச் சூட்டில் ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். பெடல் உள்ளே போவது அதனால்தான். கியர் வண்டியிலும் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிற புத்திசாலிகளுக்கு இதே கதிதான்.

லிவரில் 'எல்' அல்லது '2', அல்லது பிளஸ் மைனஸ் என்று இருப்பது, இறக்கத்தில் வண்டியைக் கீழ் கியரிலேயே வைத்து இன்ஜினைப் பிடிக்க வைக்கத்தான். ஒரு வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து 'எல்'-லுக்கு இழுத்துக் காட்டினேன். இன்ஜின் உறுமியது, இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 4,000-ஐத் தொட்டதும், "அண்ணா, உடைஞ்சிடும்!" என்று என் கையைப் பிடித்துவிட்டார். பெட்ரோல் வண்டியில் சிவப்புக் கோடு 6,000 பக்கத்தில்தான் இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும், ஆகவே செலவும் இல்லை. ஏறும்போதோ, சீசன் நெரிசலில் வளைவில் நின்று நின்று எடுக்க ஆட்டோமேட்டிக்தான் சுகம்.

வண்டி டெலிவரி கொடுக்கும்போது ஷோரூம்காரர்கள் ப்ளூடூத் இணைப்பதைக் காட்டும் நேரத்தில் இதையும் காட்டலாம். நெடுஞ்சாலைத் துறையினர் ஏற்காட்டில் இறக்கம் தொடங்கும் இடத்தில், "ஆட்டோமேட்டிக் வண்டிகள் 'எல்' அல்லது '2'-இல் இறங்கவும்" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். அடுத்த மே மாதக் கோடை விழாவுக்கு முன்பே வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
கோரிமேடு, சேலம்.