முதற்பக்கம் போகும் முன்

வெள்ளவத்தை
ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அம்மா தந்த பையில் பருத்தித்துறை வடை இருக்கு. இரவில் பசித்தால் சாப்பிடு. மூன்று கிழமையாய் நீ போன் எடுக்கவில்லை. வேலை கூட என்று விளங்குது. பத்திரிகை ஆசிரியர் என்று உன் பெயர் வந்த துண்டை அம்மா வெட்டிச் சாமியறையில் வைத்திருக்கிறா.

காணித் தொடரை வாசித்தேன். நல்ல வேலை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலை ஏன் மறுநாளுக்குத் தள்ளினாய்? அதே நாள், அதே பக்கம் போடவேண்டும். எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், எடுத்தாரா என்று கொப்பியில் எழுதி வை. அவதூறுக்குச் சிறை என்ற சட்டத்தை 2002 இல் நீக்கிவிட்டார்கள். நட்டஈட்டு வழக்கு இன்னும் இருக்கு. அங்கே அந்தக் கொப்பிதான் கைகொடுக்கும். ஆவணங்களை வாயால் கேட்காமல், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்.

பெயர்களைப் பார். தூர இடத்துப் பதிப்புத்தான் முதலில் அச்சேறும். லொறி போனபிறகு கொழும்புப் பதிப்பில் திருத்தி யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு என்ன பயன்? தலைப்பைக் குறுக்கும்போது 'எனக் குற்றச்சாட்டு' விழுந்துபோகும், அதையும் கவனி. மரண அறிவித்தலில் 'காலஞ்சென்றவர்களான' என்று தொடங்கினால் பின்னால் வரும் அத்தனை பெயரும் அதற்குள் அடங்கும். உயிரோடிருக்கும் தம்பியின் பெயர் அகப்பட்டால் வீட்டுக்காரர் விடியவே வாசலில் நிற்பார்கள். பெயர், முதலெழுத்து, ஊர். இரண்டுதரம் பார்.

ஒரே வழியால் போய்வராதே. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவை 2009 ஜனவரி 8 காலை வேலைக்குப் போகும் வழியில்தான் மறித்துக் கொன்றார்கள். இரவில் அலுவலக வாகனத்திலேயே வா. ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே.

நீ ஏ.எல். படிக்கும்போது, நான் முதற்பக்கத்துக்கு வைத்திருந்த ஒரு செய்தி ஏன் வரவில்லை என்று கேட்டாய். இடம் காணாது என்றேன். இடம் இருந்தது, பிள்ளை. ஓர் அழைப்பு வந்தது, செய்தியை எடுத்துவிட்டேன். அந்த மூன்று பத்தியிலும் சேலைக்கடை விளம்பரம் போனது.

உனக்கும் அப்படி அழைப்பு வருகுதென்றால் அப்பாவிடம் சொல். செய்தியை எடு என்று சொல்லமாட்டேன்.

அப்பா