டுவின்வென் நாளுக்கு ஒரு கரண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்சலை நேற்று தபால் ஆபீசில் போட்டுவிட்டேன். உள்ளே என்ன என்று கவுன்டரில் கேட்டார்கள். மரக்கரண்டி என்றேன். "கரண்டியையா இவ்வளவு காசு கட்டி வேல்ஸுக்கு அனுப்புறீங்க?" என்று அந்தப் பெண் சிரித்தார். ஜனவரி 25-க்குள் பேங்கரில் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் விரைவுத் தபாலில்தான் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் பிரித்துப் பார். குழம்பு கிளற எடுத்துவிடாதே.

போன வாரம் நீ போனில், "இந்த வருஷம் எனக்கு டுவின்வென் நாளெல்லாம் கிடையாதுப்பா" என்றாய். நான் சரிம்மா என்று மட்டும் சொன்னேன். போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன். அந்தப் பையனைப் பற்றி எதுவும் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பேச வேண்டியது, அந்த ஊர்க் காதலர்கள் ஜனவரி 25-இல் கொண்டாடுகிற புனிதை டுவின்வென்னைப் பற்றி. போன குளிர்காலத்தில் நாங்கள் அங்கே வந்திருந்தபோது நீதான் அவள் கதையைச் சொன்னாய். அன்றைக்கு நீ இருந்த சந்தோஷத்தில் கதையின் பின்பாதியை வேகமாகத் தாண்டிவிட்டாய். எனக்கு மனதில் நின்றது அந்தப் பின்பாதிதான்.

ஐந்தாம் நூற்றாண்டுக் கதை. பிரிக்கன் என்ற அரசனுக்கு 24 பெண்கள், அதில் ஒருத்தி டுவின்வென். (24 பெண்ணைப் பெற்றவன் ராத்திரி எப்படித் தூங்கினான் என்று உன் அம்மா கேட்கிறாள்.) மைலான் என்ற இளவரசன்மேல் அவளுக்கு ஆசை. அவனுக்கும் அப்படியே. எங்கே முறிந்தது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அப்பன் வேறொருவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான் என்பது ஒன்று. மைலான் அத்துமீறினான், அவள் உதறிவிட்டு ஓடினாள் என்பது இன்னொன்று. எப்படியோ, அவள் காட்டுக்குள் போய் அழுது, இவனை நான் மறக்க வேண்டும் என்று வேண்டுகிறாள். தேவதூதர் ஒருவர் இனிப்பான ஒரு பானத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். குடித்ததும் இவள் மனசு ஆறுகிறது. அங்கே அவன் பனிக்கட்டியாக உறைந்துபோகிறான்.

அதற்குப் பிறகு அவளுக்கு மூன்று வரம் கிடைக்கிறது. நம் ஊர்க் கதையாக இருந்தால் இந்நேரம் ஒரு நகரமே எரிந்திருக்கும். இவள் கேட்ட முதல் வரம், மைலான் உருகிப் பழையபடி ஆக வேண்டும். இரண்டாவது, உண்மையாகக் காதலிப்பவர்களின் வேண்டுதலைக் கடவுள் கேட்க வேண்டும். மூன்றாவது, எனக்குக் கல்யாணமே வேண்டாம். மூன்றும் கிடைத்தன. ஆங்கிள்சி என்ற பெரிய தீவின் ஓரத்தில் இருக்கும் லான்துவின் என்ற குட்டித் தீவுக்குப் போய் ஒரு கோயில் கட்டிக்கொண்டு கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டாள்.

இப்போது பார். கல்யாணம் வேண்டாம் என்று வரம் வாங்கியவளிடம் போய்த்தான் அந்த நாட்டில் காதலிப்பவர்கள் எல்லாரும் வேண்டிக்கொள்கிறார்கள். ஜோடி சேர்ந்தவர்களில் ஒருத்தியை அவர்கள் தேடவில்லை. காதலில் அடிபட்டு, அடித்தவனையும் விடுவித்துவிட்டு, தனக்கு எது வேண்டும் என்று தானே தீர்மானித்துக்கொண்டவளைக் கூப்பிடுகிறார்கள். அவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று யாரும் சொன்னதாகக் கதையில் இல்லை. அதனால், பாப்பா, இந்த நாள் ஜோடியாக இருப்பவர்களுக்குத்தான் என்று நீ ஒதுங்கினால் எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த வருஷம் உனக்கு அதில் உரிமை கூடியிருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

உன் அத்தை போன் செய்து வரன் பேச்சை எடுத்தால் லைனை எனக்குப் போடு. உன் ஜாதகத்தை அம்மா வெளியே எடுத்து ரெண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தாள். பிறகு அவளே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லான்துவினுக்கு நாம் போன அந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? நியூபரோ பைன் காட்டைத் தாண்டிக் கடற்கரையில் இறங்கியதும் உன் அம்மா மஃப்ளரைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். எதிர்க்கரையில் ஸ்னோடோனியா மலைகள் உச்சியெல்லாம் வெள்ளையாக நின்றன. தீவு என்கிறார்கள், ஈர மணலில் நடந்தே உள்ளே போய்விட்டோமே என்று நான் ஏமாந்துபோனேன். கூரை போன இடிந்த சுவர்கள், இரண்டு சிலுவை, கோடியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம், புல் மேய்ந்துகொண்டிருந்த குட்டைக் குதிரைகள். அவ்வளவுதான். ஒரு காலத்தில் யாத்திரை வந்தவர்கள் போட்ட காணிக்கையில் அந்தக் கோயில் பணக்காரக் கோயிலாக இருந்ததாம். 16-ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் வந்து யாத்திரை நின்றதும் பாழடைந்துவிட்டது.

அங்கே டுவின்வென் பெயரில் ஒரு கிணறும் உண்டு. அதில் விலாங்கு மீன் இருந்ததாகச் சொல்வார்கள். காதலன் உண்மையானவனா என்று தெரிய வேண்டிய பெண் ரொட்டித் துணுக்குகளைத் தூவிவிட்டுக் கைக்குட்டையைத் தண்ணீர்மேல் விரிப்பாள். விலாங்கு வந்து துணியை அசைத்தால் அவன் நல்லவன். கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது போலத்தான். ரொட்டி போட்டால் எந்த மீனும் வரும் என்று அன்றைக்கு நான் சொன்னதற்கு நீ என்னை முறைத்தாய்.

இன்னொரு விஷயம். நோயில் விழுந்த ஆடுமாடுகளுக்கும் டுவின்வென்தான் காவல். காதலில் விழுந்தவர்களையும் நோயில் விழுந்த மாட்டையும் ஒரே ஆள் கவனிப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ரெண்டு பேருக்கும் எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.

14-ஆம் நூற்றாண்டில் டாவித் ஆப் குவிலிம் என்று ஒரு வேல்ஸ் கவிஞர். நம் புலவர்கள் நாரையையும் மேகத்தையும் தூது விட்டார்கள் என்றால், இவர் டுவின்வென்னையே தூது போகச் சொல்லிப் பாடியிருக்கிறார். அதுவும் யாரிடம்? மோர்வித் என்ற, இன்னொருவருக்கு மனைவியான பெண்ணிடம்! கன்னியாகவே வாழ்ந்த புனிதையிடம் போய் இப்படி ஒரு வேலையைக் கொடுக்க அந்த ஆளுக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்கும். நீ அதைப் படித்துக் காட்டியபோது உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை.

பிறகு பல நூறு வருஷம் இந்த நாளைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. 1960களில் பேங்கரில் படித்த ஒரு மாணவி வேல்ஸ் மொழியில் டுவின்வென் வாழ்த்து அட்டைகளை அச்சடித்து விற்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. பிப்ரவரி 14-க்கு அட்டைகளுக்குப் பஞ்சமில்லை. தன் மொழியில் "உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்ல ஒரு நாள் வேண்டும் என்று நினைத்திருப்பாள். மொழிக்காக அங்கே இளைஞர்கள் சங்கம் சேர்த்துப் போராட ஆரம்பித்ததும் அதே பத்தாண்டில்தான். ஜனவரி 25 இங்கே மொழிப்போர் தியாகிகள் நாள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தேதியை உன் சமையலறைக் காலண்டரில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

சரி, கரண்டிக்கு வருகிறேன்.

கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் என்னைக் கண்ணாடிப் பெட்டி முன்னால் விட்டுவிட்டு நீயும் அம்மாவும் டீ குடிக்கப் போனீர்கள். திரும்பி வந்தபோதும் நான் அதே இடத்தில்தான் நின்றேன். காதல் கரண்டிகள். அங்கே இருப்பதில் 1667 என்று வருஷம் வெட்டிய ஒன்று உண்டு. பண்ணையில் வேலை செய்த பையன்கள், கப்பலுக்குப் போனவர்கள், குளிர்கால ராத்திரியில் அடுப்போரம் உட்கார்ந்து ஒரே கட்டையில் செதுக்கியது. பெரும்பாலும் கையில் ஒரு கத்திதான். பிடித்த பெண்ணிடம் அதைக் கொடுப்பார்கள். பெண்ணைப் பெற்றவனும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பானாம், பையனுக்குக் கைவேலை தெரிகிறதா என்று. அந்த அப்பன்மாரை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அவர்கள் பெரும்பாலும் எடுப்பது சைக்கமோர் மரம். வெள்ளையாக, நெருக்கமான ரேகையுடன் இருக்கும்; சாப்பாட்டில் மணமோ ருசியோ இறங்காது. இங்கே அதற்குக் கிட்டத்தில் வருவது வெப்பாலை. பொம்மை கடைகிறவர்கள் எடுக்கும் மரம்தான். பட்டறையில் ஒரு நல்ல துண்டு கிடந்தது. உளியைத் தொட்டு ரொம்ப நாளாகிவிட்டதால் முதலில் கைதான் பழக வேண்டியிருந்தது.

காம்பில் சங்கிலி இருக்கிறதே, அதை ஒட்டவில்லை, ஒரே கட்டைதான். சதுரச் சட்டத்தின் நாலு மூலையையும் நீளவாக்கில் எடுத்துவிட்டால், குறுக்கே வெட்டிப் பார்க்கும்போது கூட்டல் குறி மாதிரி நாலு விலா நிற்கும். எதிரெதிர் விலாவில் ஒரு வளையம், குறுக்கு விலாவில் அடுத்த வளையம் என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து வர வேண்டும். கடைசிவரை அது கட்டையாகவே இருக்கும். உள்ளே இரண்டு வளையம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு நார் மிஞ்சும். கத்தி முனையை விட்டு அதை அறுத்தால் டக் என்று ஒரு சத்தம். அந்த நொடியில் சங்கிலி ஆட ஆரம்பிக்கும். இந்த வயதிலும் அந்தச் சத்தத்துக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இப்படி ஒன்றும் செஞ்சதில்லையே" என்றாள். கல்யாணமான புதிதில் அரிவாள்மனைக்குப் பலகை செய்து கொடுத்ததை நினைவுபடுத்தினேன். அது கணக்கில் வராதாம்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் அங்கே ஒரு அர்த்தம் சொல்கிறார்கள். இதயம் வைக்கவில்லை; அதை வைக்க வேண்டியவன் நானில்லை. சக்கரம் வைத்திருக்கிறேன், உனக்காக உழைப்பேன் என்று அர்த்தம். ஓய்வு பெற்றவன் இதைச் சொல்லலாமா என்று கேட்காதே. சாவித் துவாரம் என்றால் வீடு. இந்த வீட்டுக் கதவு உனக்கு எந்த நேரமும் திறக்கும். கூண்டுக்குள் உருளும் உருண்டைகள் பிள்ளைகளின் எண்ணிக்கை. அதனால் உன்னுடையதில் ஒரே ஒரு உருண்டை. இதெல்லாம் காதலன் கொடுக்க வேண்டியதாயிற்றே என்று யாராவது சொன்னால், இப்போது அந்த ஊரிலேயே கல்யாணத்துக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கும் யார் வேண்டுமானாலும் கொடுக்கிறார்கள் என்று சொல்.

25-ஆம் தேதி உனக்கு டியூட்டி இல்லையென்றால் லான்துவினுக்குப் போய் வா. வேண்டிக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தனியாகப் போகாதே, கார் வைத்திருக்கிற உன் தோழியைக் கூட்டிக்கொள். கடல் ஏறி இறங்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துவிடு. தண்ணீர் நன்றாக ஏறிவிட்டால் மணல் வழி மூடிவிடும், இறங்கும்வரை அந்தக் காற்றில் நிற்க வேண்டியிருக்கும். ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருட்டிவிடுகிறது, மூன்றரைக்காவது திரும்பிவிடு. அம்மா பின்னிய கம்பளித் தொப்பி பார்சலில் அடியில் இருக்கிறது. நிறம் பிடிக்காது, தெரியும், இருந்தாலும் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா