பெங்களூரு தள்ளுபடி ஓசூருக்கு ஏன் வரவில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சோலார் வாட்டர் ஹீட்டர் பார்க்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்து கேட்பது இதைத்தான்: "பெங்களூருல எங்க மாமா வீட்டுக்கு கரண்ட் பில்லுலயே கழிக்கிறாங்களே, இங்க ஏன் இல்ல?" கடையில் கூட்டத்துக்கு நடுவே அரைகுறையாகத்தான் சொல்ல முடிகிறது. அதனால் இந்த மடல்.

அந்தத் தள்ளுபடி எவ்வளவு தெரியுமா? பெங்களூருவின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் கழித்து வந்தது யூனிட்டுக்கு 50 பைசா. மாதம் 50 ரூபாய்க்கு மேல் போகாது. அதற்காக யாரும் ஹீட்டர் வாங்கிவிட மாட்டார்கள். அங்கே மாடிக்கு மாடி டேங்க் தெரிவதற்குப் பெரிய காரணம், 2007இல் கர்நாடகம் ஒரு அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்கு ஹீட்டரைக் கட்டாயமாக்கியது. மாட்டாவிட்டால் மின் இணைப்பு கிடைக்காது. அப்புறம் எந்த பில்டர் வாங்காமல் இருப்பார்?

இதுவும் பெங்களூருவின் சொந்த யோசனை அல்ல. இஸ்ரேல் 1980லேயே புது வீடுகளுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. 1990களில் பெர்லின் நகரம் இப்படி ஒரு விதியை எழுதிப் பார்த்தது. தொழில்துறை எதிர்த்ததில் அது வரைவோடு நின்றது. பெர்லின் கைவிட்டதை பார்சிலோனா கையில் எடுத்தது. சுடுநீர்த் தேவையில் 60 சதவீதம் வெயிலிலிருந்து வர வேண்டும் என்ற அதன் விதி 2000 ஆகஸ்டில் அமலானது. மற்ற ஸ்பெயின் நகரங்களும் பின்தொடர, 2006இல் நாடு முழுவதற்குமான கட்டட விதியிலேயே ஏறிவிட்டது. அடுத்த வருடம் பிரேசிலின் சாவோ பாவ்லோவும் 40 சதவீதம் என்று ஒரு சட்டம் போட்டது.

இப்படி ஊர்விட்டு ஊர் போனதெல்லாம் கட்டாயம்தான், கவனியுங்கள். கட்டாயம் போட அரசுக்குச் செலவில்லை. தள்ளுபடிக்கு யாராவது பணம் ஒதுக்க வேண்டும். கர்நாடக மின் கட்டணத்தை அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது, நம்முடையதை நம் ஆணையம். அதனால் அந்த 50 ரூபாய் மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டாது.

மழைநீர் சேகரிப்பில் கதை தலைகீழ். 2003இல் பழைய வீடு, புது வீடு என்று பார்க்காமல் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. பெங்களூரு 2009இல்தான் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அவர்கள், தொட்டி இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் பில்லில் கூடுதலாகப் போட்டார்கள். அது நல்ல வேலை என்பது எங்கள் கருத்து.

கட்டாயத்தில் ஒரு வம்பும் உண்டு. இணைப்புக்காக மாட்டிய ஹீட்டர்கள் சில சர்வீஸுக்கு வருகின்றன: டேங்க் இருக்கும், டியூப் இருக்கும், சுடுதண்ணீர் பைப் பாத்ரூம் வரை இறங்கியே இருக்காது. வாயில் ஒரு பிளக் போட்டு அடைத்திருப்பார்கள்.

இனி உங்கள் கணக்குக்கு. ஹீட்டருக்கு இருந்த மத்திய அரசு மானியம் 2014லேயே நின்றுவிட்டது. இப்போது விளம்பரத்தில் பார்க்கிற 78,000 ரூபாய் மானியம், 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சார பேனல் போடுகிறவர்களுக்கு, ஹீட்டருக்கு அல்ல. எங்கள் விலைப்பட்டியலில் மானியம் எதுவும் கழித்துக் காட்டவில்லை. "சப்சிடி போக இவ்வளவு" என்று யாராவது சொன்னால், எந்த அரசாணை, யார் கணக்கில் பணம் வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் போடுவதற்கு முன்பே ஒரு போன் செய்தால் பைப் எங்கே இறங்க வேண்டும் என்று வந்து குறித்துத் தருகிறோம். அதற்குக் காசு இல்லை.

அன்புடன்,
உங்கள் சோலார் ஹீட்டர் கடை,
ஓசூர்