கட்டணம் சிறிது, கட்டும் வழிதான் பெரும்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களில் முன்னோரின் பிறப்பு, திருமணப் பதிவுகளைத் தேடுவது குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, எந்தப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பதை விரிவாகச் சொல்லிவிட்டு, உரிய கட்டணம் செலுத்தி நகல் பெறலாம் என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. விண்ணப்பித்துப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் தொடங்குவதே அந்த வரியில்தான்.

பெரிய அலுவலகங்களில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1837 ஜூலை முதல் பதிவான பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களை அங்குள்ள பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையதளத்திலேயே கார்டு மூலம் பணம் கட்டிப் பெறலாம். சிறு நகராட்சிகளிடமும் தேவாலய அலுவலகங்களிடமும் போகும்போதுதான் உள்நாட்டுக் காசோலை மட்டுமே ஏற்கப்படும் என்ற பதில் வருகிறது. வெளிநாட்டுக் காசோலையை வசூலிக்க அவர்களுடைய வங்கி பிடித்துக்கொள்ளும் தொகை கட்டணத்தையே விழுங்கிவிடும் என்பதால் அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

வங்கி வழியாக அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடுகளுக்கிடையே வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் சுவிஃப்ட் முறையில் பணம் பெரும்பாலும் இடைநிலை வங்கிகளைக் கடந்தே போகிறது. செலவைப் பகிர்ந்துகொள்ளும் ‘எஸ்.எச்.ஏ.’ முறையைத் தேர்ந்தெடுத்தால் அவ்வங்கிகள் தம் பங்கை அனுப்பிய தொகையிலேயே கழித்துக்கொள்ளும். வந்த தொகை கட்டணத்தைவிடக் குறைவு என்று விண்ணப்பம் கிடப்பில் போடப்படுவதற்குப் பல நேரங்களில் காரணம் இதுவே. முழுச் செலவையும் அனுப்புபவரே ஏற்கும் ‘ஓ.யு.ஆர்.’ முறையில் கூடுதலாகச் செலவானாலும் தொகை குறையாமல் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். இன்னொன்று, பழைய சுவிஃப்ட் படிவத்தில் பணம் எதற்காக என்று எழுதும் இடம் வரிக்கு 35 எழுத்துகளாக நான்கு வரிகளே கொண்டது. வங்கிகளின் திரைகள் பலவற்றில் இன்றும் ஏறத்தாழ அவ்வளவுதான் கிடைக்கிறது. பாட்டனாரின் முழுப்பெயரை அங்கே எழுதத் தொடங்கினால் விண்ணப்ப எண்ணுக்கு இடம் இராது. எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும்.

உறைக்குள் நோட்டை வைத்து அனுப்பச் சொல்லும் யோசனை இன்னும் உலவுகிறது. காப்பீடு செய்யாத சாதாரணத் தபாலில் நாணயமும் நோட்டும் அனுப்புவதை உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. 1907இல் புழக்கத்துக்கு வந்த பன்னாட்டு மறுமொழிக் கூப்பனும் பதில் கடிதத்துக்கான தபால்தலைக்கே உதவும், கட்டணத்துக்கு உதவாது. அமெரிக்க அஞ்சல் துறை 2013இல் இந்தக் கூப்பன் விற்பனையையே நிறுத்திவிட்டது.

என் கருத்தில், முன்பணம் கேட்காமல் முதலில் பதிவேட்டைத் தேடிப் பார்த்து, கிடைத்தால் மட்டும் கார்டில் கட்டுவதற்கான இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புவதே அலுவலகங்களுக்கு ஏற்ற வழி. அதற்கு வசதியில்லாத சிறு அலுவலகம், ஒரு பக்க நகலுக்கான கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம். காசோலையைத் திருப்பி அனுப்பி விளக்கக் கடிதம் எழுதுவதற்கு ஆகும் ஊழியர் நேரம் அந்தத் தொகையைவிடக் குறைவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. விண்ணப்பிப்போரும் பணம் அனுப்பும் முன் எவ்வழியில் ஏற்பீர்கள் என்று கேட்டுக்கொண்டு, வேண்டிய பதிவுகள் அனைத்தையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டால் அனுப்புசெலவு ஒருமுறையோடு போகும்.

இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, ஒவ்வொரு அலுவலகமும் வெளிநாட்டிலிருந்து எவ்வழியில் பணம் ஏற்கிறது என்ற விவரத்தையும் முகவரியோடு சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்