பெரியப்பாவுக்கு, அந்த லட்சுமி வெடி பற்றி

பெரியப்பா,

நேற்று தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பறவைகளுக்காக நீங்கள் வாங்கிய மூன்று ஏக்கருக்குப் பட்டா மாறுதல் செய்ய எனக்கு ஆட்சேபனை இல்லை என்று. உங்கள் முதல் வருஷத் திதிக்குள் முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. அது நாளை மறுநாள்.

இதை ஏன் ஊர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்பீர்கள். அந்த நிலத்துக்காக நான் கேஸ் போடப்போகிறேன் என்று ஏற்கெனவே ஊரே பேசிவிட்டது, அதனால்தான். போடலாமா என்று யோசித்தது உண்மை. வக்கீலைப் பார்த்ததும் உண்மை. அதற்கு மேல் இங்கே வேண்டாம், அத்தை வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

உங்களைத் தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வரி: சீனச் சண்டைக்குப் பிறகு ராணுவ அதிகாரிகளாக அவசரக் கமிஷனில் ஆள் எடுத்தபோது பரங்கிமலையில் பயிற்சி முடித்து, 65 பாகிஸ்தான் சண்டையில் சியால்கோட் பக்கம் நின்று, கேப்டனாக வெளியே வந்து, சென்னையில் ஒரு பதிப்பகத்தில் விற்பனைப் பையோடு தொடங்கி, பொது மேலாளராக ஓய்வு பெற்றவர். மீதிக் காலமும் பென்ஷனும் சேமிப்பும் பறவைகளுக்கு. எண்பத்தாறு வயசு வாழ்க்கை ஒரு மூச்சில் முடிந்துவிட்டது பாருங்கள். நீங்களாக இருந்தால் இந்த வாக்கியத்தைச் சிவப்பு மையில் நாலாக வெட்டியிருப்பீர்கள்.

எனக்கு உங்களைப் பற்றி நினைத்தால் வருவது 1983 தீபாவளிதான். மத்த வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே சரம் கொளுத்திக்கொண்டிருக்க, நீங்கள் என்னைச் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏற்றி கொள்ளுக்குடிப்பட்டிக்குக் கூட்டிப்போனீர்கள். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் என்றீர்கள். பத்து வயசுப் பையனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? அந்த ஊர்ப் பிள்ளைகள் புதுச் சட்டையில் சும்மா கரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்கள் முழுக்க நத்தைகுத்தி நாரை. அலகை இழுத்து இழுத்துத் தட்டும் சத்தம், பக்கத்தில் யாரோ தறி ஓட்டுகிற மாதிரி. நீங்கள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. என் டிரவுசர் பையில் லட்சுமி வெடி ஐந்து. தீப்பெட்டியும் இருந்தது.

திரியைப் பற்றவைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சத்தம் ஞாபகம் இல்லை. மொத்தக் கூட்டமும் கிளம்பி வானம் ஒரு நிமிஷம் இருட்டியதைப் பார்த்தேனா, பிறகு நீங்கள் சொல்லிக் கேட்டதா, அதுவும் தெரியவில்லை. என் முகம் சேற்றில் இருந்தது. என் பின்மண்டையில் உங்கள் கை. என் மேல் முழுசாக நீங்கள். உங்கள் நெஞ்சு அடித்தது என் முதுகில் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோம்? எழுந்ததும் என்னைத் திட்டவில்லை. என் சட்டையைத்தான் தட்டிவிட்டீர்கள், சேறு தட்டினால் போகிற மாதிரி.

கரையிலிருந்து ஒரு பாட்டி ஓடி வந்தது. "யாருப்பா போட்டது?" நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றீர்கள். "நான்தாம்மா. தெரியாமப் பண்ணிட்டேன்." அந்தப் பாட்டி ஒரு கேப்டனை அவ்வளவு பேர் முன்னால் கேட்ட கேள்வியை நான் எழுத மாட்டேன்.

மன்னிப்புக் கேட்க நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டேன். பத்து வயசு, என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியும் பெரியப்பா. போடக்கூடாது என்று தெரிந்துதான் போட்டேன். ஆனால் உங்களுக்கு வெடிச் சத்தம் என்றால் என்ன என்று யாராவது சொல்லியிருக்கலாமே? நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புகளூர் ஆலையிலிருந்து கரும்புச் சக்கைக் காகிதம் புதிதாக வந்தபோது, ஒரு தாளை என் மூக்கில் வைத்து, "இதுல மூங்கில் வாசனை இல்ல பாரு" என்று அரை மணி நேரம் பேசினவர்தானே நீங்கள்.

அடுத்த தீபாவளியிலிருந்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி நோட்டுப் புத்தகம் போக ஆரம்பித்தது. அப்புறம் மரக்கன்று. அப்புறம் கண்மாயை ஒட்டி மூன்று ஏக்கர், சீமைக்கருவேலத்தைத் தோண்டி எடுத்துவிட்டு நாட்டுக் கருவேலமும் நீர்மருதும். பறவைப் பைத்தியம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என் வெடிக்கு நீங்கள் கட்டிய அபராதமோ என்று எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். கேட்கவும் பயம். நீங்கள் "எந்த வெடி?" என்று கேட்டிருந்தால் இன்னும் மோசம்.

சரி, அபராதமே என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று ஏக்கர் வாங்கிய வருஷம்தான் அப்பாவுக்கு பைபாஸ். நான் சென்னைக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது நமக்குள் இருக்கட்டும். கூடவே ஒரு புத்தகமும் கொடுத்தீர்கள், ரயிலில் படிக்கச் சொல்லி. உங்கள் தம்பி அவர். நாரைக்குச் செய்ததில் பாதி போதும் என்று அன்றைக்கு ரயிலில் நினைத்தேன். இப்போதும் சில நாள் நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டதால் அது போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் அந்த இடத்துக்குத் தனியாகப் போனேன். உங்கள் மருத மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், இரண்டு கையும் எட்டவில்லை. அடிமரத்துப் பட்டை உரிந்து வழவழவென்று, ஜில்லென்று இருந்தது. அங்கே நின்றுகொண்டுதான் வக்கீலுக்கு போன் பண்ணி வேண்டாம் என்றேன்.

இன்னொன்று. அன்றைக்கு என் பையில் மீதி இருந்த நாலு வெடியையும் வாங்கி, என் கண் முன்னாலேயே கண்மாய்த் தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊறவைத்துப் பிழிந்தீர்கள். ஊருக்குத் திரும்பினதும் வேறு வாங்கித் தருகிறேன் என்றீர்கள்.

வாங்கித் தரவே இல்லை.

உங்கள்
தம்பி மகன்