ஆறிய வயிற்றுப் புண் திரும்பி வருவது பற்றி ஒரு திறந்த மடல்

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், வன்னியின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

என் தகப்பனாரின் கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளில் மூன்று தடவை அதில் முன்சிறுகுடற் புண் (இரைப்பையை அடுத்த சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்) பதியப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு தடவையும் ஒமிப்பிரசோல் குளிசை கொடுத்தார்கள், நோவு நின்றது, அவரும் இரணைமடு வாய்க்கால் வயலுக்குத் திரும்பினார். மூன்றாம் தடவை மலம் தார் போலக் கறுத்துப் போக, நடுச்சாமத்தில் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அன்று கமெரா விட்டு எடுத்த சதைத்துணுக்கில்தான் கிருமி அகப்பட்டது. எந்த வைத்தியசாலை என்று எழுதப்போவதில்லை. அங்குள்ள வரிசையின் நீளத்தை நானும் நின்று அறிந்தவள்.

ஒமிப்பிரசோல் அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆறவிடுமே தவிர, அதை உண்டாக்கிய காரணத்தைத் தொடாது. 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரனும் பரி மார்ஷலும் இத்தகைய புண்ணை உண்டாக்கும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவை இரைப்பைச் சவ்விலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. எங்கள் ஊரிலோ இன்னும் மிளகாய்த்தூள்தான் குற்றவாளி. கிருமி உள்ளே இருக்க அமிலத்தை மட்டும் அடக்கி நிறுத்தினால், ஆறிய முன்சிறுகுடற் புண்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டுக்குள் திரும்புகின்றன. கிருமியை அழித்தால் திரும்புவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு.

மற்றக் காரணம் நோக்குளிசை. அருவி வெட்டுக் காலத்து இடுப்பு உழைவுக்கும், உடம்பில் இன்னும் கிடக்கும் எறிகணைத் துண்டுகளின் நோவுக்கும் டைக்குளோபினாக்கையும் இபுபுரோபனையும் கடையில் வாங்கி விழுங்குகிறோம். இவை இரைப்பைச் சவ்வைக் காக்கும் புரொஸ்ராகிளாண்டின் என்ற உடற்பொருளையும் தடுத்துவிடுகின்றன. தடை குருதி வழியாகவும் நடப்பதால், சாப்பிட்ட பின் போட்டாலும், ஊசியாக ஏற்றினாலும் ஆபத்து நீங்காது. அப்பாவின் சட்டைப் பையில் வெற்றிலைச் சரையோடு அந்த அட்டையும் எப்போதும் இருந்தது. கிளினிக்கில் எவரும் கேட்கவில்லை. கேளாததை அவரும் சொல்லவில்லை.

ஆகவே, வயிற்றுப் புண் என்று கண்டவுடனேயே கிருமி பார்க்கப்பட்டதா, நோக்குளிசை எடுக்கிறாரா என்ற இரண்டு கேள்விக்கும் கொப்பியில் பதில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறேன். கிருமிக்குரிய பதினான்கு நாள் மருந்தை, நோவு நின்றதென்றும் வாய் கசக்கிறதென்றும் பாதியில் விடுவோர் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அப்படி விட்டால் தப்பிய கிருமி அதே மருந்துக்கு மசியாமற் போகலாம் என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மருந்து முடிந்து நான்கு வாரங்களாவது கழித்து, பரிசோதனைக்கு முந்திய இரண்டு வாரம் ஒமிப்பிரசோலை நிறுத்தி, மலத்திலோ மூச்சிலோ மீண்டும் பார்த்தால்தான் கிருமி போனது உறுதியாகும். நிறுத்தாமல் பார்த்தால் இருக்கும் கிருமியும் இல்லையென்று காட்டலாம். மல மாதிரியைப் பிரதேச வைத்தியசாலையிலேயே பெற்று, குளிரில் வைத்து அனுப்ப ஒழுங்கு செய்தால், துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் வருபவருக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். இரைப்பைப் புண்ணென்றால், அது புற்றுநோயல்ல என்று உறுதிசெய்ய மறுபடியும் கமெரா விட்டுப் பார்ப்பதையும் தவறவிடக் கூடாது.

அப்பாவுக்கு மருந்து முடிந்து ஆறு வாரங்களாகின்றன. மறுபரிசோதனையை வன்னியில் எங்கே, எந்த நாளில் செய்விக்கலாம் என்பதைத் தங்கள் அலுவலகங்கள் எழுத்தில் அறிவித்து, ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் ஒட்டுவிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பரந்தனிலிருந்து ஒரு நோயாளியின் மகள்