வடக்குச் சுவர் யோசனை நம் ஊருக்குப் பொருந்தாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டுக்கு வெளியே வெப்பநிலை அளக்கும் சென்சாரை எங்கே பொருத்துவது என்று கேட்டால், ஸ்மார்ட் ஹோம் (ஏசி, ஃபேன் போன்றவை தாமாக இயங்கும் வீடு) குறிப்பு எழுதுபவர்களும் கடைக்காரர்களும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "வடக்குச் சுவரில் மாட்டுங்கள், அங்கே வெயில் படாது." லண்டனுக்கு அது பெரும்பாலும் சரி. சென்னைக்குச் சரிப்படாது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி சென்னையில் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் 18 வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரம் முழுக்க இந்தக் காலத்துக்குள் அடக்கம். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே இந்த நிலை வந்துவிடும். உச்சி வெயிலை ஒன்றரை அடி சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும் சாய்வாக வந்து வடக்குச் சுவரில் விழும் வெயிலை அது தடுக்காது. ஆக, வெப்பநிலை துல்லியமாகத் தெரிய வேண்டிய அந்த வாரங்களில்தான் வடக்குச் சுவர் நம்மைக் கைவிடுகிறது.

திசையை நம்ப முடியாதென்றால் மிச்சம் இருப்பது கவசம்தான். வானிலை நிலையங்களில் தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், பக்கமெல்லாம் சாய்சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி இருக்கும். வெயில் உள்ளே வரக்கூடாது, காற்று தடையின்றிப் போய்வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அளக்க வேண்டியது காற்றின் சூட்டை. கருவியின் பிளாஸ்டிக் ஓடு வாங்கிய சூட்டை அல்ல. கவசம் இல்லாமல் வெயிலில் தொங்கும் சென்சார் ஐந்து முதல் பத்து டிகிரி கூட்டிக் காட்டுவது சர்வசாதாரணம். "ஐபி67, தண்ணீர் புகாது" என்று பெருமையாக அச்சிட்ட மூடிய டப்பாவும் இதற்கு விலக்கல்ல. தண்ணீர் புகாத டப்பாவில் காற்றும் புகாது.

சென்சார் சில்லைப் பொறுத்தவரை குழப்பமே தேவையில்லை. எலக்ட்ரானிக்ஸ் பயிற்சிப் பெட்டிகளில் வரும் டிஎச்டி11 சில்லை ஒதுக்கிவிடுங்கள். அதன் பிழை இரண்டு டிகிரி, வரம்பு ஐம்பதோடு சரி. பிஎம்இ280 காற்றழுத்தம் அளக்க நல்லது, ஆனால் தன் சூட்டையே கொஞ்சம் சேர்த்து அளக்கும். வெப்பநிலை மட்டும் போதுமென்றால் எஃகுக் குழாய்க்குள் வரும் டிஎஸ்18பி20 போதும். பிழை அரை டிகிரி, ஐந்து மீட்டர் ஒயர் இழுத்தாலும் பிரச்சினை இல்லை. டேட்டா ஒயருக்கும் பவர் ஒயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று மறக்காமல் இருக்க வேண்டும். திரையில் 85 டிகிரி தெரிந்தால் சில்லுக்கு மின்சாரம் ஒருகணம் போய் வந்திருக்கிறது என்று பொருள்; மைனஸ் 127 தெரிந்தால் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் மென்பொருளிலேயே வடிகட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடு ராத்திரி "வெளியே 85 டிகிரி" என்று நம்பி வீடே ஏசியைப் போட்டுக்கொள்ளும். சந்தையில் இந்தச் சில்லின் போலிகள் ஏராளம் என்பதால் மலிவாகப் பத்து வாங்குவதைவிடத் தெரிந்த கடையில் ஒன்று வாங்கலாம்.

ஈரப்பதமும் வேண்டுமென்றால் எஸ்எச்டி31 அல்லது எஸ்எச்டி40 சில். கடலோர ஊர்களில் கட்டாயம் வேண்டும் என்பேன். இரவு வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். உள்ளே 30 டிகிரி, 60 சதவீதம் என்று வையுங்கள். வெளியே குளிர்ச்சி என்று ஜன்னலைத் திறக்கத் தோன்றும். பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை, கணக்கிட்டால் உள்ளே 21, வெளியே 25. திறந்தால் நாலு டிகிரிப் பனிநிலை அளவுக்கு ஈரம் உள்ளே வரும். பிறகு ஏசி போடும்போது அத்தனையையும் அதுதான் பிழிந்து வெளியேற்ற வேண்டும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதற்கான விதியில் வெப்பநிலை, பனிநிலை இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். வெளியே பனிநிலை கூடாமல், வெப்பநிலை ஒன்றரை டிகிரி குறைவாகப் பத்து நிமிடம் நீடித்தால் ஓடட்டும், வெப்பநிலை வித்தியாசம் அரை டிகிரிக்கு இறங்கினால் நிற்கட்டும். இந்த இடைவெளி இல்லையென்றால் ஃபேன் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கும்.

ஒயர் இழுக்க முடியாதவர்களுக்கு ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறை இருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் அதன் சிக்னலை விழுங்கும். பால்கனிக்கு அருகே உள்ளே ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் செருகினால் அதுவே சிக்னலை வாங்கிக் கடத்தும். இஎஸ்பி32 போன்ற வைஃபை போர்டு என்றால் போர்டும் சென்சாரும் ஒரே டப்பாவில் இருக்கக்கூடாது. போர்டின் சூடு அளவில் ஏறிவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் வானிலைக் கருவி பயன்படுத்தும் 915 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அங்கே உரிமம் தேவையில்லை, இங்கே அப்படியில்லை. இந்தியாவுக்கென்று விற்பதையே வாங்குங்கள். பேட்டரிக்கு 1.5 வோல்ட் லித்தியம் செல் நல்லது. சாதாரண ஆல்கலைன் நம் வெயிலில் கசியும். அதே உருவத்தில் 3.7 வோல்ட் செல்லும் கிடைக்கிறது. அதைப் போட்டால் கருவி பொசுங்கிவிடும்.

கவசம் கடையிலும் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் ஆறு அங்குல வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு. மேலிரண்டு முழுசாக, கீழாறில் நடுவே இரண்டரை அங்குல ஓட்டை. கவிழ்த்து அடுக்கி மூன்று எஃகு மரைக்கம்பிகளில் கோத்து, தட்டுக்குத் தட்டு முக்கால் அங்குல இடைவெளிக்கு பிவிசி பைப் துண்டுகளைச் செருகுங்கள். சென்சார் நடுவில் எதையும் தொடாமல் தொங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படக்கூடாது. முப்பரிமாண அச்சில் செய்பவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவும். ஒரு கோடையிலேயே வளைந்துவிடும். குளவி கூடு கட்டாமலிருக்க அடியில் எஃகு கொசுவலை.

இதைச் சுவரில் ஒட்டி வைக்காமல் கிரில்லிலிருந்து இரண்டடி பைப்பில் வெளியே நீட்டுங்கள். ஏசி அவுட்டோர் யூனிட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி, அதன் காற்று வீசும் திசைக்கு விலகி இருக்கட்டும். மொட்டைமாடித் தளம் கடைசித் தேர்வு.

சென்சார் சரியா, இடம் சரியா என்பதை ஒரு நாளின் வெப்பநிலை வரைபடமே சொல்லிவிடும். அதிகாலை 5.30 மணி அளவை அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அதே நேர அளவோடு ஒப்பிடுங்கள். சென்னையில் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் இரண்டும் இருக்கின்றன. அப்போது ஒத்துப்போய், பிற்பகல் இரண்டுக்கு நாலு டிகிரி கூடினால் சில்லில் குறையில்லை, கவசத்தில் குறை. இரவு ஏழிலிருந்து பத்துவரை மட்டும் கூடினால் பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் அருகில் இருக்கிறது. ரம்பப் பல்போல ஏறி இறங்கினால் யாருடைய ஏசியோ சூட்டை ஊதுகிறது. அதிகாலையிலும் எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் என்றால்தான் திருத்தம் போட வேண்டும். அதற்கு பிளாஸ்கில் இடித்த ஐஸை நிரப்பி, இடுக்கு நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, டிஎஸ்18பி20-இன் எஃகுக் குழாயைப் பதினைந்து நிமிடம் அமிழ்த்துங்கள், அவ்வப்போது கிளறவும். பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் திருத்தம்.

வடகிழக்குப் பருவமழையில் ஈரப்பதம் 100-இலேயே நாள்கணக்கில் நின்றால் சில்லின் மேல் நீர் படிந்திருக்கிறது. எஸ்எச்டி வகைகளில் உள்ளே இருக்கும் சிறு ஹீட்டரைச் சில முறை இயக்கினால் காயும். கடற்கரையோரம் இணைப்புகள் உப்பில் பச்சை பூக்கும், சாலிடர் செய்து மேலே, சூடாக்கினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும். சுவரில் ஒயர் நுழையும் துளைக்கு முன் ஒயரைக் கீழாக ஒருமுறை வளைத்து விடுங்கள். மழைநீர் ஒயரோடு ஓடிவந்து உள்ளே போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

இப்படிக்கு,
ஸ்மார்ட் ஹோம் கருவிகள் பொருத்தும் ஒரு வாசகர்,
திருவான்மியூர், சென்னை